முதல் ஒரு மணி நேரம்

மும்பையில் 2008 நவம்பர் 26 அன்று இரவு ஒன்பதரை மணி வாக்கில் தீவிரவாதிகள் சுடத் தொடங்கினார்கள். கடற்படைக் கமாண்டோக்கள் நள்ளிரவு தாண்டித்தான் தாஜ் ஓட்டலுக்குள் போனார்கள். மானேசரிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படை வந்து இறங்கி வேலையைக் கையில் எடுத்தபோது பொழுது விடிந்துவிட்டது. அதுவரை எதிரே நின்றது உள்ளூர்ப் போலீஸ். சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் இருந்த காவலர்கள் பலரிடம் லத்தி, சிலரிடம் பழைய .303 ரைஃபிள். கிர்காவ் கடற்கரைச் சாலையில் தடுப்புப் போட்டு நின்ற உதவி சார்பு ஆய்வாளர் துகாராம் ஓம்ப்ளேயின் கையிலும் லத்திதான். தாக்க வந்தவர்களில் ஒருவனான கசாப்பின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு, குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கி, அவனை உயிரோடு பிடிக்க வழி செய்தார். வந்த பத்துப் பேரில் உயிரோடு சிக்கியவன் அவன் ஒருவன்தான். ஓம்ப்ளேவுக்கு அசோக சக்கரம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் அவருக்கு ஒரு நல்ல துப்பாக்கியும், குண்டு துளைக்காத ஜாக்கெட்டும், அவற்றோடு பழகுவதற்கு நாட்களும் கொடுத்திருக்க வேண்டும். அந்த இரவைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் எனக்கு இதுதான் மனசில் ஓடும்.

நான் தென்மாவட்டம் ஒன்றின் ஆயுதப்படையில் காவலராகச் சேர்ந்தவன். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மாநிலப் போலீஸில் அதிவிரைவுக் குழுக்கள் அமைத்தபோது எங்கள் மாவட்டத்திலும் ஒன்று வந்தது. கியூ.ஆர்.டி. என்றுதான் எல்லோரும் சொல்வோம். அதில் எடுத்தார்கள், மானேசருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த பிறகு, ஓய்வு பெறும்வரை, அந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பதே என் பிழைப்பாக இருந்தது.

2009இல் தேசியப் பாதுகாப்புப் படைக்கு மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா நான்கு இடங்களிலும் மையங்கள் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழியில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஆகாய வழியில் வந்தாலும், உத்தரவு கிடைத்து, ஆள் ஏறி, இறங்கி, இடத்தைப் புரிந்துகொண்டு உள்ளே போவதற்கு மணிக்கணக்காகும். முதல் ஒரு மணி நேரம் மாவட்டப் போலீஸின் கையில்தான் இருக்கும். எந்த ஊராக இருந்தாலும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் எங்கள் பயிற்சி முழுவதும்.

ஆள் எடுக்கிற நாளில் நன்றாக ஓடுகிறவர்களும் புஜம் பெருத்தவர்களும் நிறைய வருவார்கள். ஓட்டம் வேண்டும்தான். ஜாக்கெட், ஹெல்மெட், ரைஃபிள், மேகசின்கள் எல்லாம் சேர்ந்தால் பதினைந்து கிலோவுக்கு மேல் போகும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினால் எவனுக்கும் நெஞ்சு அடைக்கும். நான் பார்ப்பது அதற்கு அடுத்தது. ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஓர் அறையின் கதவைத் திறந்து ஐந்து விநாடி காட்டுவேன். மூடிவிட்டுக் கேட்பேன்: ஜன்னல் எத்தனை? மேஜை மேல் என்ன இருந்தது? உள்ளே உட்கார்ந்திருந்தவரின் கைகள் எங்கே இருந்தன? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்பவனை எடுத்துக்கொள்வேன். ஆளைக் கொல்வது கைதான். முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் தாமதிப்பான், தவறாகவும் சுடுவான். சுட வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவனை முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவேன். எத்தனை பெரிய சிபாரிசு வந்தாலும் இதில் நான் இறங்கிப் போனதில்லை.

துப்பாக்கிப் பயிற்சி என்றால் நாள் முழுக்க வெடிச் சத்தம் கேட்கும் என்று வெளியில் நினைக்கிறார்கள். பெரும்பகுதி சத்தமே இல்லாத வேலை. தோட்டா இல்லாத துப்பாக்கியில் டிரை பிராக்டிஸ். காலி என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த பிறகு, க்ளாக் பிஸ்டலின் தட்டையான ஸ்லைடு மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, டிரிக்கரை இழுக்கச் சொல்வேன். நாணயம் விழக் கூடாது. முதல் வாரம் எல்லோருக்கும் விழும். விரல் மட்டும் வேலை செய்து மணிக்கட்டு சும்மா இருக்க வேண்டும் என்பதை உடம்பு படிப்பதற்கு ஆயிரக்கணக்கான தடவை ஆகும். இதற்குச் செலவு கிடையாது, சத்தம் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாரக்கின் பின்பக்க வராண்டாவே போதும். அதோடு இன்னொன்று: குறி பார்த்து, சுடுவது என்று முடிவு எடுக்கும்வரை விரல் டிரிக்கர் மேல் போகக் கூடாது, குழலுக்கு இணையாக வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும். டீ குடிக்கும் இடைவேளையில், வண்டியில் ஏறும்போது, இறங்கும்போது என எந்நேரமும் பயல்களின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரேஞ்சுக்குப் போகும் நாள் வேறு மாதிரி. தோட்டாக்களை எண்ணி வாங்க வேண்டும், காலி உறைகளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுட்டு முடித்ததும் இன்ஸ்பெக்டர் முதல் காவலர் வரை எல்லோரும் குனிந்து புல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் எம்ப்டி பொறுக்குவோம். ஒன்று குறைந்தாலும் ஆயுதக் கிடங்கில் கணக்கு நேராகாது. டார்ச் அடித்துத் தேடிய சாயங்காலங்களும் உண்டு. சலிப்பான வேலை. ஆனாலும் இந்தக் கணக்கு வேண்டும் என்றே சொல்வேன். அரசாங்கத் தோட்டா ஒன்றுகூட யாருக்கும் தெரியாமல் வெளியே போகக் கூடாது.

குறிப்பலகைகளை நாங்களே செய்துகொண்டோம். வட்டம் போட்ட பலகையில் சுட்டுப் பழகியவன் வட்டத்தைத்தான் சுடுவான். எங்களுக்கு வேண்டியது சுடலாமா கூடாதா என்று அரை நொடியில் முடிவு எடுக்கிறவன். பழைய ஃபிளெக்ஸ் பேனர்களின் வெள்ளையான பின்புறத்தில் ஆள் உயரத்துக்குப் படம் வரைந்தோம். பிஸ்டல் வைத்திருப்பவன், அதே நிற்பில் செல்போன் வைத்திருப்பவன், டார்ச் பிடித்த வாட்ச்மேன், இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். கையை மட்டும் தனி அட்டையில் வரைந்து ஒட்டினால் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடலாம். ஒரே பெண் படம், ஒரு தடவை கையில் செம்பு, அடுத்த தடவை அரிவாள். செல்போன்காரனைச் சுட்டவனுக்கு அன்றைக்கு மதிப்பெண் கிடையாது. அந்தப் படத்தைக் கழற்றிக் கையில் கொடுத்து, மறுநாள் வரை அவன் கட்டில் தலைமாட்டில் மாட்டச் சொல்வேன். இதைக் கொடுமை என்று சிலர் சொன்னார்கள். நிஜமான ஒரு செல்போன்காரரின் வீட்டு வாசலில் போய் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அறைக்குள் நுழைவதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் அச்சில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாசற்படிதான் சாவு நிற்கிற இடம். அதில் ஒரு விநாடிகூட நிற்கக் கூடாது. முதல் ஆள் எந்தப் பக்கம் திரும்புகிறானோ, இரண்டாவது ஆள் அதற்கு எதிர்ப்பக்கம். யார் குழலும் இன்னொருவன் உடம்பைக் கடக்கக் கூடாது. பின்னால் நிற்பவன் தோளை அழுத்திய பிறகுதான் முன்னவன் நகர வேண்டும். எழுதினால் நாலு வரி. நாலு பேர் இதைப் பேசாமல், இருட்டில், ஒரே உடம்பு மாதிரி செய்வதற்கு மாதங்கள் ஆகும். குழுவில் ஓர் ஆள் மாறினால் திரும்ப முதலிலிருந்து.

வெளிநாட்டுப் பயிற்சிப் படங்களில் ஒரே உதையில் கதவு திறந்துகொள்ளும். அது அவர்கள் ஊர் மரக்கதவு. நம் ஊர் வீட்டுக்கு முன்னால் இரும்பு கிரில் கேட், அதில் உள்பக்கமாகப் பூட்டு, அதைத் தாண்டித் தேக்குக் கதவு, அதற்குக் குறுக்கே உள்தாழ்ப்பாள். கடை என்றால் ஷட்டர். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. ஆனால் மாடிப்படி பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருக்கும். மொட்டைமாடிக் கதவு பலவீனமானது. பரண் உண்டு, ஆள் படுக்கலாம். உள்சுவர்கள் பல வீடுகளில் நாலரை அங்குலம்தான். ரைஃபிள் தோட்டாவுக்கு அதை மறைவாக நம்பவே கூடாது. இதையெல்லாம் எந்தக் கையேடும் எங்களுக்குச் சொல்லவில்லை. கொத்தனார் ஒருவரையும் கிரில் பட்டறைக்காரர் ஒருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் கேட்டோம். கிரில் கேட்டின் கீல் எங்கே பற்றவைக்கப்படுகிறது, எந்தப் பக்கம் நெம்பினால் விடும் என்று பட்டறைக்காரர் அரை மணி நேரத்தில் காட்டிக்கொடுத்தார். என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிகப் பயனுள்ள வகுப்பு அதுதான்.

பஸ்ஸும் அப்படியே. 2010 ஆகஸ்ட் 23 அன்று மணிலாவில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட போலீஸ் அதிகாரி ஒருவர் ஹாங்காங் சுற்றுலாப் பயணிகள் இருந்த பஸ்ஸைப் பிடித்துவைத்தார். பகல் முழுக்கப் பேச்சுவார்த்தை. இருட்டிய பிறகு மணிலா போலீஸின் அதிரடிக் குழு சம்மட்டியால் பஸ் கண்ணாடியை அடித்தது. கதவில் கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. உலகமே நேரலையில் பார்த்தது. உள்ளே இருந்தவரும் பஸ்ஸிலிருந்த டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுப் பயணிகள் இறந்தார்கள். அந்தக் குழுவினர் தைரியம் இல்லாதவர்கள் அல்ல. ஒரு பஸ்ஸின் கதவை வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்று யாரும் அவர்களை முன்கூட்டி ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்திப் பழக்கவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் ஓரங்கட்டி நின்ற கண்டம் செய்த பஸ் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். டிரைவர் கதவு எந்தப் பக்கம், அவசர வழி எங்கே, காற்றில் இயங்கும் கதவின் வால்வு எங்கே, இருக்கைகளுக்கு நடுவே ஜாக்கெட்டோடு ஓர் ஆள் நகர முடியுமா, இரண்டு பேர் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் குறி பார்க்க முடியுமா — எல்லாவற்றையும் கைவைத்துப் பார்த்துப் படித்தோம். பணிமனை மெக்கானிக்குகள் ஆர்வமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நேரலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மும்பையில் உள்ளே இருந்தவர்களுக்கு எல்லைக்கு அப்பாலிருந்து போனில் உத்தரவு கொடுத்தவர்கள், நம் டி.வி. சேனல்களைப் பார்த்தே கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றமே 2012இல் இதைக் கண்டித்தது. தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டக் கூடாது என்று பிறகு விதியே வந்தது. இப்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சேனல் இருக்கிறது. போலீஸ் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துப் போடுகிறவர், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குத் தான் என்ன செய்கிறோம் என்பதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

மாவட்டத்தில் எங்களுக்கு வந்த அழைப்புகளில் தீவிரவாதம் எதுவும் இல்லை. நாட்டு வெடிகுண்டு வைத்திருக்கும் கூலிப்படை பதுங்கிய தோப்பு வீடு, அபாயமான கைதியின் வழிக்காவல், அரிவாளோடு கதவைச் சாத்திக்கொண்ட ஆள். இவைதான். அரிவாளை லேசாக நினைக்க முடியாது. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸ் சார்ஜென்ட் டென்னிஸ் டூலர் 1983இல் ஒரு கணக்கு எழுதினார்: கத்தியோடு ஓடிவருகிறவன் 21 அடியை ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான், உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறி பார்த்துச் சுடுவதற்கும் அதே நேரம் ஆகும். இந்தக் கணக்கை வைத்துச் சிலர் சீக்கிரம் சுடு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. தள்ளி நில், நடுவில் ஒரு கட்டிலையோ வண்டியையோ போடு, ஷீல்டு பிடி, நீளக் கம்பு எடு என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். தூரம் இருந்தால் நேரம் இருக்கும். நேரம் இருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சும்.

ஓர் இரவைச் சொல்கிறேன். ஊரும் ஆளும் வேண்டாம். குடும்பச் சண்டையில் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மனுஷன் ஐந்து வயது மகளோடு வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு, கையில் அரிவாளும் பக்கத்தில் கேஸ் சிலிண்டருமாக, யாராவது கிட்டே வந்தால் திறந்து பற்றவைத்துவிடுவேன் என்று கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது ஸ்டேஷன் ஆட்கள் பக்கத்து வீடுகளைக் காலி செய்திருந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்திருந்தது. மின்வாரிய லைன்மேன் வெளியே கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்தார். வீட்டு சுவிட்சைத் தட்டினால் பொறி பறக்கும் என்பதால் அப்படி. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். பின்பக்க அங்கணக் குழி ஓரம் தீயணைப்பு வீரர் ஒருவர் கருவியை வைத்து வாயு கசிகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டன் கிரனேடு, கண்ணீர்ப்புகை, துப்பாக்கி எதற்கும் அங்கே இடம் இல்லை. மேகசினைக் கழற்றி வண்டியில் வைக்கச் சொன்னேன். நான்கு பேர் பின்கதவு ஓரம் நனைத்த சாக்கும் மரக்கட்டை முளைகளுமாக நின்றார்கள். இரும்புச் சம்மட்டி உரசினாலும் ஆபத்து. பிள்ளை வீரிட்டால் கதவைக் கீலோடு பெயர்த்து உள்ளே போவது என்று திட்டம். அதற்கு முன்னால் யாரும் அசையக் கூடாது.

முன்பக்கம் பேசியது அந்த ஸ்டேஷன் ஏட்டையா. பேச்சுவார்த்தைக்கென்று பயிற்சி எதுவும் எடுத்தவர் அல்லர். திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, நான்தான் ஏட்டு. ஒத்தையிலதான் இருக்கேன்."

"ஒருத்தரும் கிட்ட வரப்படாது!"

"வரல. பிள்ள முழிச்சிருக்காளா?"

பதில் இல்லை.

"ராத்திரி சாப்பிட்டாளா? பசிக்கும்லா தம்பி."

"...சாப்பிடல."

"இட்லி வாங்கியாரச் சொல்லுதேன். ஜன்னல் வழியாத் தாரேன். நீயும் ரெண்டு சாப்பிடு."

இட்லி வந்தது. ஜன்னல் திறக்கவில்லை. ஏட்டையா அவசரப்படவில்லை. அந்த ஆளின் அப்பாவைப் பற்றிப் பேசினார், கிணற்றில் தண்ணீர் ஏன் இல்லை என்று பேசினார், தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனைப் பற்றிப் பேசினார். நடுநடுவே மௌனமாக இருந்தார். இரண்டு அதிகாரிகள் எவ்வளவு நேரம்தான் இப்படி என்று கேட்டார்கள். உள்ளே பிள்ளை உயிரோடு இருக்கிறது, அவர் பேசுகிறார், வாயு கசியவில்லை. இந்த மூன்றும் இருக்கும்வரை நேரம் நம் பக்கம் என்று சொன்னேன். விடியக் கருக்கலில் ஜன்னல் திறந்தது. இட்லிப் பொட்டலம் உள்ளே போவதற்குப் பதிலாக, தூங்கி வழிந்த பிள்ளை வெளியே வந்தது. ஏட்டையா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பின்னால் நின்ற நான்கு பேரும் இரவு முழுக்க ஜாக்கெட்டைக் கழற்றாமல், ஒரு வார்த்தை பேசாமல் நின்றவர்கள். மறுநாள் பத்திரிகையில் மூன்று வரிச் செய்தி. என் குழு செய்த வேலைகளில் ஆகச் சிறந்தது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் காத்திருப்பது எப்போதும் சரியா? இல்லை. பயிற்சியில் மிகக் கடினமான பாடம் இதுதான். அமெரிக்காவில் 1999 ஏப்ரல் 20 கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில், அந்தக் கால முறைப்படி முதலில் போன போலீஸார் சுற்றிவளைத்து, அதிரடிக் குழுவுக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே ஓர் ஆசிரியர் உதவி கிடைக்காமல் மணிக்கணக்கில் ரத்தம் ஒழுகி இறந்தார். அதன்பின் அந்த நாட்டில் பாடமே மாறியது: கொலை நடந்துகொண்டிருந்தால் முதலில் வந்தவர்களே உள்ளே போக வேண்டும். பாடம் மாறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலம் யுவால்டியில் 376 போலீஸார் ஒரு பள்ளியில் குவிந்தார்கள். துப்பாக்கி இருந்தது, ஷீல்டு வந்தது. சுட்டவன் இருந்த வகுப்பறைக்குள் அவர்கள் போக 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே கொலை நடக்கிறதா, நின்றிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. நடக்கிறது என்றால் கையில் லத்தி மட்டும் இருந்தாலும் போக வேண்டும். நின்றிருக்கிறது என்றால் விடிய விடிய உட்கார வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தெளிவு பயிற்சியால்தான் வரும், பொருளால் வராது.

ஜெர்மனிக்காரர்கள் இதை விலை கொடுத்துப் படித்தார்கள். 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினரைப் பிடித்துவைத்தவர்கள் எட்டுப் பேர். விமானத் தளத்தில் அவர்களை மடக்க நிறுத்தப்பட்ட குறிவீரர்கள் ஐந்து பேர். அந்த வேலைக்கென்று பயிற்சி பெறாத போலீஸார், ஒருவரோடு ஒருவர் பேச வயர்லெஸ்கூட இல்லை. எதிராளிகள் எத்தனை பேர் என்பதும் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. இஸ்ரேல் அணியினர் பதினொரு பேரும் இறந்தார்கள். அதே ஆண்டில் ஜி.எஸ்.ஜி. 9 என்ற படையை உருவாக்கினார்கள். ஐந்து ஆண்டு விடாமல் பழகினார்கள். 1977 அக்டோபரில் மொகதிஷு விமான நிலையத்தில், கடத்தப்பட்ட லுஃப்தான்ஸா விமானத்துக்குள் ஏறி, உள்ளே இருந்த பணயக் கைதிகள் எல்லோரையும் உயிரோடு மீட்டார்கள்.

பயிற்சிகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது சாகர் கவாச் ஒத்திகை. தமிழ்நாட்டின் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரை முழுவதும் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கடற்படை, கடலோரக் காவல்படை, உள்ளூர்ப் போலீஸ் எல்லாம் சேர்ந்து நடத்துவது. ஒரு பகுதியினர் தீவிரவாதிகள் போல மஃப்டியில் படகில் வருவார்கள். மற்றவர்கள் பிடிக்க வேண்டும். ஒரு தடவை எங்கள் ஆட்கள் லுங்கியும் பழைய சட்டையும் போட்டு நாட்டுப்படகில் வந்தார்கள். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் பார்த்த மாத்திரத்தில் மரைன் போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் ஐயா என்று பிறகு கேட்டேன். "படகு ஆடயில கடலுக்குப் போறவன் கம்பியப் பிடிக்க மாட்டான். அதுவும் காலெல்லாம் ஷூ போட்ட வெள்ளத் தடம்" என்றார். மும்பையில் ரப்பர் படகில் வந்து இறங்கியவர்களை முதலில் பார்த்து யார் என்று கேட்டவர்களும் மீனவர்கள்தான். மீனவர் குப்பத்தோடு நல்ல உறவு இல்லாத போலீஸுக்கு எந்த ராடார் கொடுத்தாலும் பாதிக் கண்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. வேன் மேல் ஏறி நின்று ரைஃபிளில் குறி பார்க்கும் காவலரின் படத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குறி பார்த்துச் சுடுவதைக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் திறமை கூட்டத்துக்கு எதிராகப் பயன்படுத்துவதற்கு உரியதே அல்ல. கூட்டத்தைக் கலைப்பது வேறு தொழில். அதற்கு எச்சரிக்கை, தண்ணீர் பீய்ச்சும் வருண் வண்டி, கண்ணீர்ப்புகை, ஷீல்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். ரைஃபிள் குழுவைக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதே தவறு. என் பயிற்சி வகுப்பில் ஆண்டு தோறும் அந்த மே மாதத்தைப் பற்றிப் பேசினேன். கேட்டவர்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. பேசினேன்.

இனி மனசில் உள்ள குறை. எங்கள் பயிற்சி அட்டவணையை ஆண்டு தொடக்கத்தில் அழகாக டைப் அடித்து ஒட்டுவோம். அதற்குக் குறுக்கே பந்தோபஸ்துகள் வரிசையாக வரும்: ஆகஸ்டில் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா, செப்டம்பர் 11 பரமக்குடி, பிறகு குலசை தசரா, அக்டோபர் 30 பசும்பொன், அதையொட்டித் திருச்செந்தூர் சூரசம்ஹாரம். நடுவில் மந்திரிகள் வருகை, இடைத்தேர்தல், சாதி மோதல் நடந்த ஊரில் பிக்கெட். ஆள் பற்றாக்குறை என்றால் முதலில் கை வைப்பது எங்கள் குழுவில்தான். "சும்மாதானே கவாத்துப் பண்ணிக்கிட்டு இருக்காங்க, அனுப்புங்க" என்று ஓர் அதிகாரி போனில் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். நாலு பேர் கொண்ட அணியில் இரண்டு பேர் திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடித்து நின்றால், மீதி இரண்டு பேர் எந்தக் கதவுக்குள் நுழைந்து பழகுவது? விளையாட்டு அணிக்குக்கூட நாம் இப்படிச் செய்ய மாட்டோம். திருவிழாவுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மக்கள் வேலை, நானே பல ஆண்டு விரும்பிச் செய்திருக்கிறேன். அதற்கு வேறு ஆட்களை எடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

புதிய துப்பாக்கி, கறுப்புச் சீருடை, குண்டு துளைக்காத வண்டி வாங்க நிதி ஒதுக்கினால் படம் எடுத்துப் போடலாம். பயிற்சி நாளைப் படம் எடுக்க முடியாது. ஆகவே பொறுப்பில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு மாவட்டத்துக் கியூ.ஆர்.டி.க்கும் மாதத்தில் நான்கு நாட்களை எந்தப் பந்தோபஸ்துக்கும் தொடக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு போடுங்கள். பயிற்சித் தோட்டாவை இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள். கண்டம் செய்த ஒரு பஸ்ஸும், இடிக்கப்போகிற ஓர் அரசுக் கட்டடமும் ஒவ்வொரு மாவட்டத்திலும் கிடைக்கும். அவற்றை இவர்களிடம் ஒப்படையுங்கள். ரத்தம் வடிவதை நிறுத்தும் கட்டுப் பட்டையை அதிரடிக் குழுவோடு நிறுத்தாமல் ரோந்து ஜீப்பில் போகிற ஏட்டு வரை எல்லோருக்கும் கொடுத்து, கட்டவும் சொல்லிக்கொடுங்கள். முதலில் போய்ச் சேரப்போவது அவர்தான்.